மேல்கணக்கு லெட்சுமியும் வீடில்லாத விலாசமும்

1

நான் கனடாவுக்கு வந்து எட்டு வருஷம் நிறைந்த அன்று காலை, ஆபீஸில் என் பேரில் ஒரு புகார் வந்தது. நான் எழுதிக் கொடுத்த விலாசத்துக்குப் போனால் அங்கே ஒன்றுமே இல்லையாம். 'பக்கம் கிடைக்கவில்லை' என்று வெள்ளையாக ஒரு திரை மட்டும் வருகிறதாம். புகாரை அனுப்பியவர் நியூசிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவர். கடைசி வரியில் ரொம்ப மரியாதையாக, 'விலாசத்தைத் தவறாக எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்' என்று முடித்திருந்தார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்போது வயிற்றில் இரண்டரை மாதம். எதற்கெடுத்தாலும் ஒன்று வாந்தி வரும், இல்லாவிட்டால் சிரிப்பு வரும். அன்று சிரிப்பின் முறை. எங்கள் பிரிவின் தலைவி வென்டி தடுப்புக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

இலங்கையில், றக்வானைத் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் ஏன் சிரித்தேன் என்று சொல்லவே வேண்டாம். வரிசையாகக் கட்டிய நம்முடைய லயத்து வீடுகளுக்கு விலாசம் கிடையாது. வீடு இருக்கும், அடுப்பு எரியும், பக்கத்துக் காம்பராவில் ரேடியோ பாடும். காயிதம் மட்டும் தோட்டத்து ஆபீஸான கந்தோருக்குத்தான் வரும். வீடு இருந்தும் விலாசம் இல்லாமல் வளர்ந்தவள், இப்போது வீடே இல்லாத விலாசத்தை எழுதிவிட்டாள் என்று பூமியின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர் முறையிடுகிறார். சிரிக்காமல் என்ன செய்வது.

2

என்ன வேலை பார்க்கிறாய் என்று அம்மா போனில் கேட்கும்போதெல்லாம் 'எழுதுற வேலம்மா' என்பேன்.

'கிளாக்கர் வேலையா?'

'அது மாதிரிதான்.'

அம்மாவிடம் தப்பித்துவிட்டேன், உங்களிடம் தப்ப முடியாது. சொல்லிவிடுகிறேன். ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கடதாசி கொடுத்து வேலை வாங்குவதுதான் வெப் சர்வீஸ். அந்தக் கடதாசியை எழுதுகிற முறைக்கு எக்ஸ்.எம்.எல். என்று பேர். எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு அதைச் செய்து கொடுக்கிறது. இதில் ஒரு சிக்கல். ரத்தம் சோதிக்கிற இடம் 'ஆர்டர்' என்று எழுதும். மருந்து கொடுக்கிற இடமும் 'ஆர்டர்' என்றுதான் எழுதும். இரண்டும் ஒரே கடதாசியில் வந்தால், ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டியவருக்கு மாத்திரை போய்ச் சேரும்.

அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால், இது யாருடைய சொல் என்று சின்னதாக ஒரு ஒட்டுப் போடுவார்கள். அந்த ஒட்டுக்குப் பின்னால் நீளமான ஒரு பேர் இருக்கும். உலகத்தில் வேறு யாரும் அதே பேரை வைத்துவிடக் கூடாது என்று அதை இணைய விலாசம் மாதிரி எழுதுவார்கள். மாதிரிதான். அது விலாசம் இல்லை, பேர். அங்கே யாரும் குடியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நேம்ஸ்பேஸ் என்பது இவ்வளவுதான். இதைப் பிறருக்கு விளங்குகிற மாதிரி எழுதி வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பட்டம் வாங்கியவர்களே இதைப் பிடிக்க ஒரு வாரம் மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விளங்கிவிட்டது. மூளை பெரிது என்று நினைக்க வேண்டாம். எங்கள் தோட்டத்தில் இரண்டு லெட்சுமி, அதுதான் காரணம்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தோட்டம் இரண்டு பிரிவு. மலை மேலே இருப்பது மேல்கணக்கு, கீழே இருப்பது கீழ்க்கணக்கு. கணக்கு என்றால் எங்களுக்குப் பிரிவு. என் அம்மா மேல்கணக்கு லெட்சுமி. மற்றவர் கீழ்க்கணக்கு லெட்சுமி. இரண்டு பேரும் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்கள். இரண்டு பேருடைய அப்பா பேரும் ராமசாமி. பிறப்புப் பதிவு இரண்டு பேருக்கும் இல்லை. வயதுக்குச் சான்று எடுக்க வரிசையில் நின்ற நாளில், அந்தக் காலத்துக் கிளாக்கர் ஐயா மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் ஒரே பிறந்த தேதியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஆகக் காயிதத்தில் பார்த்தால் ஒரே லெட்சுமி. வாயால் கூப்பிட்டால் மட்டும் இரண்டு.

3

வாயால் கூப்பிடுகிற அந்த ஒட்டை நான் கனடாவுக்குக் கொண்டு வரவில்லை.

டொராண்டோவில் தமிழ் ஆட்களுக்குக் குறைவில்லை. பெரும்பாலும் யாழ்ப்பாணத்து ஆட்கள். எங்கள் ஆபீஸிலேயே ஒருவர் இருக்கிறார், நேசன் அண்ணன். நல்ல மனிதர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். சேர்ந்த புதிதில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், 'நீர் எந்த ஊர்?' என்று கேட்டார்.

'இரத்தினபுரி' என்றேன்.

'ஓ, அப்ப வீட்டில மாணிக்கக்கல் வியாபாரமோ?'

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயில் இடியப்பம் இருந்தது. அவர் அதற்குள் தலையை ஆட்டி, 'அதுதானே பார்த்தன்' என்றார். அவ்வளவுதான், நான் மாணிக்கக்கல் வியாபாரி மகளாகிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்காரம்மா ஒரு மோதிரத்தைக் கொண்டுவந்து நல்ல கல்லா என்று பார்த்துத் தரச் சொன்னார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, 'நல்லாத்தான் இருக்கு' என்று சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

மகள் மதுராவிடமும் இதே கதைதான். ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மேடி என்று பேர். நான் மதுரா என்று கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறேன் என்று பேசாமல் இருப்பாள். தமிழில் நான் கேட்பேன், ஆங்கிலத்தில் பதில் வரும். பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள் என்று இங்கே எல்லா அம்மாக்களும் புலம்புகிறார்கள், நானும் கூடச் சேர்ந்து புலம்புவேன். ஆனால் ஒரு நாள் அவள் வகுப்பில் அம்மாவின் ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னார்களாம். கம்ப்யூட்டரில் வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திறந்து, இரத்தினபுரியில் ஆற்றோரத்தில் ஓடு போட்ட பெரிய வீடு ஒன்றைத் தொட்டு, 'இதா?' என்றாள். ஆமாம் என்றேன். யாருடைய வீடோ. படத்தை இன்னும் கொஞ்சம் தென்கிழக்கே தள்ளினால் றக்வானை மலை தெரிந்திருக்கும். நான் தள்ளவில்லை. பிள்ளையைச் சொல்லி என்ன பிரயோசனம்.

4

முதல் பிரசவம் எனக்குப் பெரும்பாடு. என் வீட்டுக்காரர் வேலையை விட்டு ஓடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வலி எடுத்தபோது கையைப் பிடித்துக்கொள்ளத் தாதி ஒருத்திதான் இருந்தாள். அவள் பேசிய ஆங்கிலம் அந்த நேரத்தில் எனக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. இந்தத் தடவை அம்மா வேண்டும். எட்டாம் மாதத்துக்குள் அம்மா இங்கே இருக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அழைப்புக் கடிதம் அனுப்பினேன். அம்மா பாஸ்போர்ட் எடுக்கக் கொழும்புக்குப் போனார். வழியில் பஸ்ஸை நிறுத்தி, இறக்கி, அடையாள அட்டையை மூன்று இடத்தில் பார்த்தார்களாம். அதையெல்லாம் தாண்டிப் போய்ச் சேர்ந்தால், கவுண்டரில் வேறு கதை. மறுநாள் ஸ்டோர் வளைவு வரைக்கும் ஏறி, சிக்னல் கிடைத்ததும் போன் போட்டார். ஸ்டோர் என்றால் தேயிலை ஆலை.

'எம் பேர்ல ஏற்கெனவே பாஸ்போட்டு இருக்காம்.'

'என்னம்மா சொல்றீங்க?'

'நா துபாய்க்குப் போயி ரெண்டு வருசம் வீட்டு வேல செஞ்சிட்டு வந்துட்டேனாம். கம்ப்யூட்டர் பொட்டியில காட்டுது, பேரு சரி, அப்பா பேரு சரி, தேதி சரி, தோட்டம் சரிங்குறான். எனக்கே சந்தேகமாப் போச்சு, போனேனோ என்னமோன்னு.'

எனக்கு மறுபடி சிரிப்பு. துபாய்க்குப் போனவர் கீழ்க்கணக்கு லெட்சுமி என்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

'வெளிய நிக்கிற தரகன் ஒருத்தன், தொலைஞ்சு போச்சுன்னு பொலிஸ்ல எழுதிக் குடு, புதுசு தருவாங்கன்னான். நா எடுக்கவே இல்ல, எப்படித் தொலைக்கிறது? பொய்யி சொல்ல முடியாதுன்னு வந்துட்டேன்.'

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. வயதுச் சான்றில் தவறு இருந்தால் அதை முதலில் இரத்தினபுரியில் திருத்திக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். திருத்த வேண்டுமானால், இவர் வேறு அவர் வேறு என்று காட்ட வேண்டும். காட்ட வேண்டுமானால் கீழ்க்கணக்கு லெட்சுமி நேரில் வர வேண்டும். அம்மாவும் அவரும் முகம் பார்த்துப் பேசி எட்டு வருஷம் ஆகிறது.

5

சண்டைக்குக் காரணம் ஒரு கவர். நான் வந்த புதிதில் கல்யாணப் படங்களை அம்மாவுக்கு அனுப்பியிருந்தேன். அது கீழ்க்கணக்குக்குப் போய்விட்டது. அவர் பிரித்துப் பார்த்து, லயம் முழுக்கக் காட்டி, ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பினார். அம்மா, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டார். அதோடு பேச்சு நின்றது.

நான்தான் அவருக்குப் போன் எடுத்தேன். இங்கே காலை ஏழு மணி, அங்கே கொழுந்து நிறுத்து முடிகிற நேரம்.

'யாரு, மேல்கணக்கு லெட்சுமி மகளா?'

'ஆமாங்க அத்தை. பவானி.'

'என்னாத்துக்கு எடுத்த?'

விஷயத்தைச் சொன்னேன்.

'ஏம் பாஸ்போட்ட வெட்டிப்புடுவானுங்களா?'

'இல்லங்க அத்தை. நீங்க வேற, அம்மா வேறன்னு நேர்ல காட்டணும். அம்புட்டுதான்.'

'வேறன்னு எனக்குத் தெரியுது. ஒங்கம்மாளுக்குத் தெரியல. அடுத்தவ காயிதத்தப் பிரிச்சவன்னு என்னைய ஊரே கேக்குற மாதிரி சொன்னா. கவர்ல லெட்சுமின்னு இருந்துச்சு. நா லெட்சுமிதான? நீயே சொல்லு.'

அந்தக் கவரில் 'லெட்சுமி' என்று மட்டும் எழுதி, கீழே தோட்டத்துப் பேரைப் போட்டவள் நான். தபால் பெட்டிக்கு முன்னால் நின்று எழுதினேன். பக்கத்தில் தமிழ் ஆள் யாரோ நின்றார்கள். மேல்கணக்கு என்று எழுதக் கை வரவில்லை.

'பிழை என்னோடதுங்க அத்தை' என்றேன். 'நான்தான் கணக்க எழுதாம விட்டேன்.'

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. 'அந்தப் படத்துல நீ நல்லாத்தான் இருந்த. இன்னும் செவுத்துலதான் மாட்டியிருக்கு. சரி, ஒங்கம்மாள வந்து வாயத் தொறந்து கேக்கச் சொல்லு.'

அம்மா அன்றைக்கே மலையிறங்கிப் போனார். என்ன கேட்டார், அவர் என்ன சொன்னார் என்று இரண்டு பேருமே இதுவரை சொல்லவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை, ஒரே சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இரத்தினபுரிக்கு பஸ் ஏறியிருக்கிறார்கள். வளைவுகளில் ஒருவர் மாற்றி ஒருவர் வாந்தி எடுத்ததில் சமாதானம் உறுதியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

பதிவுக் கந்தோரில் இருந்த ஐயா இரண்டு சான்றையும் மேசையில் வைத்துவிட்டு, யார் லெட்சுமி என்று சிங்களத்தில் கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் 'மம' என்றார்களாம், நான்தான் என்று. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அம்மா முன்னால் வந்து சொன்னார்: 'மம உட லெச்சுமி மாத்தயா. மேயா பல்லெஹா லெச்சுமி.' நான் மேல் லெட்சுமி ஐயா, இவ கீழ் லெட்சுமி.

அந்த ஐயா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாராம். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினாராம். சிரித்து முடித்துவிட்டு, கிராம சேவகரின் கடிதம், தோட்டத்துக் கடிதம் என்று ஒன்றையும் விடாமல் கேட்டு வாங்கி, கடைசியில் அம்மாவின் பேருக்கு முன்னால் மேல்கணக்கு என்று சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். புதுப் பாஸ்போர்ட்டில் அந்த முதல் சொல்லே குடும்பப் பெயராக ஏறிவிட்டது.

'இப்ப நா வேற ஆளு' என்று அம்மா வளைவிலிருந்து கத்திச் சொன்னார். எனக்கும் கால் தரையில் பாவவில்லை. மதுராவைத் தூக்கிச் சுற்றினேன். இடுப்புப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நிமிர முடியவில்லை.

6

இதற்கிடையில் நியூசிலாந்துக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நேம்ஸ்பேஸ் வெறும் பேர்தான், அங்கே ஒன்றும் இருக்க வேண்டியதில்லை என்று சட்டம் பேசலாம். வென்டி அது போதாது என்றாள். 'நம்பி ஒருவர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே ஏதாவது இருக்கட்டும்' என்று அந்த விலாசத்தில் ஒரு பக்கம் எழுதி வைக்கச் சொன்னாள்.

எழுதினேன். உதாரணத்துக்கு ஆஸ்பத்திரி ஆர்டரை வைத்தேன், சவசவ என்றிருந்தது. அழித்துவிட்டு இரண்டு லெட்சுமிகளையும் கொண்டுவந்து வைத்தேன். ஒட்டு மாறலாம், ஆள் மாறாது என்பதுதான் இதில் பலரும் சறுக்குகிற இடம். மேல்கணக்கு லெட்சுமியை றக்வானைக் கடைவீதியில் தோட்டத்து லெட்சுமி என்பார்கள். எம்பிலிப்பிட்டிய சந்தையில் றக்வானை லெட்சுமி என்பார்கள். கூப்பிடுகிறவருக்கு ஏற்ற மாதிரி ஒட்டு மாறுகிறது, ஆனால் எல்லா ஒட்டும் போய்ச் சேருவது ஒரே ஆளிடம். இதை ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டு, நானே நாலு தரம் படித்துப் பார்த்துக்கொண்டேன். எட்டு வருஷத்தில் எழுதியதிலேயே அதுதான் உருப்படியான பக்கம்.

நேசன் அண்ணன் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார். 'நல்லா இருக்கு, தங்கச்சி. மேல்கணக்கு எண்டால் என்ன?'

சொல்லியிருக்கலாம். இடியப்பம்கூட வாயில் இல்லை.

'உயர்கணிதம்' என்றேன்.

'அப்ப இந்த லெட்சுமி கணக்கு ரீச்சரோ?'

'ஆமாண்ணே.'

அவர் மதிப்போடு தலையை ஆட்டிக்கொண்டு போனார். நியூசிலாந்துக்காரர், இப்போது அந்த விலாசத்தில் ஆள் நடமாட்டம் தெரிகிறது என்று நன்றி எழுதியிருந்தார்.

7

அம்மா வந்து இறங்கிய நாள் இவருக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. நேசன் அண்ணன்தான் காரில் கூட்டிப்போனார். எட்டு மாத வயிற்றோடு வெளிவாசலில் நிற்கிறேன். விமானம் இறங்கி ஒன்றரை மணி நேரமாகிவிட்டது. அதே விமானத்தில் வந்தவர்கள் எல்லோரும் கட்டிப்பிடித்து, அழுது, வண்டி தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா வரவில்லை.

கைப்பையில் போன் அடித்தது. ஒரு ஆண் குரல். சுற்றிலும் ஒரே இரைச்சல். மிஸ் மெல் கனக்கூ என்பவரைத் தெரியுமா என்று கேட்டது. கனக் என்பது இங்கே கனடாக்காரர்கள் தங்களையே விளையாட்டாகச் சொல்லிக்கொள்வது. ஏதோ விளையாட்டுக் கழகத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள், இந்த நேரத்தில்தானா என்று எரிச்சல் வந்தது.

'இல்லை. அப்படி யாரையும் எனக்குத் தெரியாது' என்று சொல்லி வைத்துவிட்டேன்.

'ஆர்?' என்றார் நேசன் அண்ணன்.

'யாரோ மெல் கனக்கூவாம்.'

அவர் நெற்றியைச் சுருக்கினார். 'மெல் கனக்கூ. மேல்கணக்கு. தங்கச்சி, அந்தக் கணக்கு ரீச்சரும் இண்டைக்கு வாறாவோ?'

அது அம்மா! அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் நம்ப முடியவில்லை. விசாரணை மேசையில் இருந்த பெண் யாருக்கோ போன் போட்டாள். ஒரு அதிகாரி கோப்போடு வெளியே வந்தார். என் அழைப்புக் கடிதத்தில் ராமசாமி லெட்சுமி என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் மேல்கணக்கு என்று குடும்பப் பெயர் இருக்கிறது. என் பேரில் இரண்டுமே இல்லை. 'கொஞ்சம் முன்னால் உங்களிடம் கேட்டேன். தெரியாது என்றீர்கள்' என்றார். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. திருப்பி அனுப்புவதை இவர்கள் இதே குரலில்தான் சொல்வார்கள்.

நேசன் அண்ணன் என் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். உயர்கணிதம் என்று இந்த அதிகாரியிடம் சொல்ல முடியாது.

'அது குடும்பப் பெயர் இல்லை' என்று ஆரம்பித்தேன். 'இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டம். அதில் மேலே இருக்கிற பிரிவு. வரிசையாக லயன் காம்பரா இருக்கும், தொழிலாளிகள் அதில்தான் இருப்போம். என் அம்மா அங்கே கொழுந்து எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அதே பேரில் இன்னொருவர் இருப்பதால், ஆள் மாறிவிடக் கூடாது என்று பேருக்கு முன்னால் சேர்த்தார்கள். என் பேரில் அது இல்லை. நான்தான் விட்டுவிட்டேன். ஆனால் நானும் மேல்கணக்குதான். அங்கே கடைசி லயத்தில்தான் பிறந்தேன்.'

அவர் என்னையும் கோப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பாஸ்போர்ட் படத்தை என் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மூக்கு இரண்டு பேருக்கும் ஒன்றுதான், அதை எந்தக் கிளாக்கரும் மாற்ற முடியாது. ஐந்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நேசன் அண்ணன் என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாக, 'அப்ப அண்டைக்கு மனிசியின்ர மோதிரத்தைப் பார்த்து நல்ல கல்லு எண்டனீர்?' என்றார்.

'எனக்கு ஒண்ணுமே தெரியாதுண்ணே.'

அவர் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் பிடித்துக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, அந்த மேசையில் சாய்ந்து இரண்டு பேரும் சிரித்தோம். விசாரணைப் பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

அப்போது கதவு திறந்தது. அம்மா வந்தார். யாரோ இரவல் கொடுத்த கம்பளிச் சட்டை முழங்கால் வரைக்கும் தொங்குகிறது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன், வயிறு இடித்தது. அம்மா முதலில் வயிற்றைத் தொட்டார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

'என்னையத் தெரியாதுன்னு சொன்னியாமே, பவானி.'

'அந்தாளு பேரச் சொன்ன லட்சணம் அப்படிம்மா. மெல் கனக்கூன்னு என்னமோ சொன்னான்.'

'சரியாத்தான் சொன்னான்' என்றார் அம்மா. 'மூணு தடவ சொல்லச் சொல்லி, நாந்தான் பழக்கிக் குடுத்தேன்.'